அத்தியாயம் 7: டிரைவர் ஏறாத கணினி

இந்த அத்தியாயத்தைப் புரட்டும் நேரத்தில் உங்கள் வீட்டுக் கணினி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்டாயிற்று, திரையும் வந்துவிட்டது. ஆனால் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக மங்கித் தெரிகிறது, ஒலி இல்லை, வைஃபை அடையாளமே காணோம். அல்லது நேற்றுவரை ஓடிய பிரிண்டர், ஓர் அப்டேட்டுக்குப் பிறகு ‘ஆஃப்லைன்’ என்று அடம்பிடிக்கிறது. கடைக்குப் போன் செய்தால், “டிரைவர் ஏறியிருக்காதுங்க, கொண்டு வாங்க பாத்துக்கலாம்” என்கிறார்கள்.

கொண்டுபோவதுதான் கேரள எல்லையோரத் தமிழர்களான நமக்குச் சிரமம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பல கணினி வாங்குவது பொள்ளாச்சியிலோ கோவையிலோதான். குமுளி, வண்டிப்பெரியார் என்றால் கம்பம், தேனி. மூணாறிலிருந்தும் பூப்பாறையிலிருந்தும் போடிக்கு இறங்க வேண்டும். மறையூர், காந்தளூரிலிருந்து உடுமலைக்கு. சிபியூவைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். டிரைவர் தகராறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பயணம் தேவையே இல்லை. வீட்டிலேயே தீர்க்கும் வழியை இந்த அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது.

முதலில் டிரைவர் என்பது என்ன? தேவிகுளம் தாலுகா ஆபீசுக்குப் போகும் தமிழ்க்காரர் ஒருவருக்கு மலையாளப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க இரண்டு மொழியும் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். விண்டோஸுக்கும் ஒலி சிப்புக்கும் நடுவே நிற்கும் அந்த ஆள்தான் டிரைவர். ஒவ்வொரு சிப்புக்கும் அதன் மொழி தெரிந்த டிரைவர் வேண்டும். ஒன்றுக்கானதை இன்னொன்றுக்குப் போட்டால் வேலை நடக்காது. சில சமயம் இருக்கிற வேலையும் கெடும்.

ஆகவே இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றே ஒன்று: பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பிராண்ட் பெயரை வைத்து டிரைவர் தேடாதீர்கள், உள்ளே இருக்கும் சிப் தன்னைப் பற்றிச் சொல்லும் எண்ணை வைத்துத் தேடுங்கள். ஒரே மாடல் லேப்டாப்பில்கூட ஒன்றில் இன்டெல் வைஃபை கார்டும் இன்னொன்றில் ரியல்டெக் கார்டும் இருப்பதுண்டு. ‘எச்பி வைஃபை டிரைவர்’ என்று தேடி மணிக்கணக்கில் அலைபவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

1. இது டிரைவர் குறைதானா?

டிரைவரைத் தேடுமுன் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிடுங்கள். பல சமயம் விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

இடி மின்னல்: சித்திரை, வைகாசியின் கோடை இடியும் ஐப்பசியின் துலாவர்ஷ இடியும் இடுக்கி மலையில் எவ்வளவு கடுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செம்புக் கம்பி வழியாக வரும் அதிர்ச்சி மோடத்தைத் தாண்டி, லேன் கேபிள் வழியாகக் கணினியின் லேன் சிப்பையே எரித்துவிடும். இடிக்கு மறுநாள் லேன் துளையின் பக்கத்து விளக்கு எரியவில்லை, கேபிளை மாற்றினாலும் எரியவில்லை, டிவைஸ் மேனேஜரிலும் லேன் கார்டின் பெயர் இல்லை என்றால் சிப் போய்விட்டது என்றே கொள்ளலாம். அதற்கு எந்த டிரைவரும் உயிர் கொடுக்காது. யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வாங்கிப் போட்டால் போதும். மதர்போர்டை மாற்ற வேண்டாம்.

கேபிள்: போனை சார்ஜ் செய்ய மட்டும் வரும் சில யுஎஸ்பி கேபிள்களில் தகவல் போகும் கம்பியே இருக்காது. செருகினால் விளக்கு எரியும், கணினியோ ஒன்றும் வந்ததாகவே காட்டாது. வேறு கேபிள், வேறு துளை இரண்டையும் முயன்று பாருங்கள்.

விசைகள்: லேப்டாப்பில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால் வைஃபை, டச்பேட், கேமரா அணைந்துவிடும் மாடல்கள் உண்டு. கேமராவுக்கு மேல் நகரும் மூடியும் சிலவற்றில் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை முதலில் பாருங்கள்.

சிக்னல்: வைஃபை இணைந்திருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை என்றால் டிரைவர் ஒழுங்காகத்தான் இருக்கிறது. குறை மோடத்திலோ லைனிலோதான்.

தமிழ்த் தட்டச்சு: “தமிழ் டிரைவர் போடணும்” என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. தமிழ் எழுத டிரைவர் எதுவும் வேண்டாம். விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் அங்கேயே கிடைக்கும். இதற்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

2. டிவைஸ் மேனேஜரைப் படிப்பது எப்படி?

ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ என்பதைத் திறங்கள். கணினிக்குள் இருக்கும் கருவிகள் எல்லாம் பட்டியலாக வரும். மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறி இருப்பவை கவனிக்க வேண்டியவை. ‘அதர் டிவைசஸ்’ என்ற தலைப்பு இருந்தால் அதன்கீழ் இருப்பவை விண்டோஸால் இனம்காண முடியாதவை. திரைக்கான பகுதியில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்றிருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை. எழுத்து மங்கித் தெரிவதற்கும் வெளிச்சத்தைக் கூட்டிக்குறைக்க முடியாததற்கும் அதுதான் காரணம்.

குறியுள்ள பெயரை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு சிறு ஜன்னல் திறக்கும். அதில் ‘கோட்’ என்று ஓர் எண் இருக்கும். நோயாளி சொல்லும் அறிகுறி அந்த எண்தான். வீட்டில் அடிக்கடி வருபவை இவை:

• கோட் 28: டிரைவரே இல்லை. எளிய நிலை, சரியானதை ஏற்றினால் முடிந்தது.

• கோட் 10: டிரைவர் இருக்கிறது, கருவி எழவில்லை. பெரும்பாலும் பொருந்தாத டிரைவர். அதை நீக்கிவிட்டு, தயாரிப்பாளர் தரும் டிரைவரை ஏற்றுங்கள்.

• கோட் 22: யாரோ கருவியை முடக்கி வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து ‘எனேபிள்’ கொடுங்கள்.

• கோட் 39: டிரைவர் கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது காணாமல் போயிருக்கிறது. ஏற்றும் நடுவில் கரண்ட் போனால் இப்படி ஆகலாம். நீக்கி மறுபடி ஏற்றுங்கள்.

• கோட் 43: கருவியே கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது. யுஎஸ்பிக் கருவி என்றால் கேபிளையும் துளையையும் மாற்றிப் பாருங்கள். புது டிரைவருக்குப் பிறகும் இதே எண் வந்தால் கருவி பழுது என்று சந்தேகிக்கலாம்.

• கோட் 45: கருவி இப்போது இணைக்கப்படவில்லை. குறை ஒன்றும் இல்லை.

• கோட் 52: டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 64 பிட் விண்டோஸில் கையொப்பம் இல்லாத டிரைவர் ஏறாது. கையொப்பச் சோதனையை அணைக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். ஒழுங்கான டிரைவரைத் தேடுங்கள்.

குறிப்பு ஒன்று: விண்டோஸ் 11இல் பழைய டிரைவரை ஏற்றும்போது ‘இந்தக் கருவியில் டிரைவரை ஏற்ற முடியாது’ என்ற பொருளில் செய்தி வந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘டிவைஸ் செக்யூரிட்டி’, அதற்குள் ‘கோர் ஐசொலேஷன்’ என்ற இடத்தைப் பாருங்கள். எந்தப் பழைய டிரைவர் தடுக்கப்படுகிறது என்ற பட்டியல் அங்கே இருக்கும். பாதுகாப்பை அணைப்பதைவிட, அந்த டிரைவருக்குப் புதிய பதிப்பு உண்டா என்று பார்ப்பதே நல்லது.

3. சிப்பின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

அதே ஜன்னலில் ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதிக்குப் போங்கள். அங்குள்ள பெட்டியில் ‘ஹார்ட்வேர் ஐடி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நீளமான வரிகள் வரும். பயப்பட வேண்டாம், அதில் இரண்டு துண்டுகள்தான் வேண்டும். ‘வென்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பின் வரும் நான்கு குறிகள் சிப்பைச் செய்த நிறுவனம். ‘டெவ்’ என்பதற்குப் பின் வரும் நான்கு குறிகள் சிப்பின் மாடல். யுஎஸ்பிக் கருவிகளில் ‘விஐடி’, ‘பிஐடி’ என்று இருக்கும், பொருள் இதேதான்.

நிறுவன எண்களில் சிலவற்றைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். 8086 இன்டெல். 1002 ஏஎம்டி. 10டிஇ என்விடியா. 10இசி ரியல்டெக். 14இ4 பிராட்காம். 168சி குவால்காம் ஆத்தராஸ். 14சி3 மீடியாடெக். யுஎஸ்பிக் கருவிகளில் 03எஃப்0 எச்பி, 04ஏ9 கேனான், 04பி8 எப்சன்.

‘அன்னோன் டிவைஸ்’ என்று வந்த கருவியில் 10இசி இருந்தால் அது ரியல்டெக் சிப், பெரும்பாலும் லேனோ வைஃபையோ. 8086 இருந்தால் பெரும்பாலும் இன்டெல் சிப்செட்டின் ஏதோ ஒரு பகுதி. பெயர் தெரியாத கருவி பெயருள்ள கருவியாகிவிட்டது. பாதி வேலை முடிந்தது.

லேப்டாப்பில் விண்டோஸ் போட்டபின் டச்பேட் நகரவில்லை என்றால் டச்பேட் டிரைவரை மட்டும் தேடாதீர்கள். பல லேப்டாப்களில் டச்பேட், இன்டெல் சீரியல் ஐஓ என்ற பாதை வழியாகப் பேசுகிறது. அந்த டிரைவர் ஏறாதவரை டச்பேட் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது. ஒரு யுஎஸ்பி மவுஸை வைத்துக்கொண்டு சீரியல் ஐஓவை முதலில் ஏற்றுங்கள்.

4. எங்கிருந்து எடுப்பது?

இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் இடம், விண்டோஸ் அப்டேட். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட், அதில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதில் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’. டிரைவர்கள் தனிப் பட்டியலாக அங்கே காத்திருக்கும். பலர் அப்டேட் ஓடி முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். இந்த உள் அறையைத் திறந்தே பார்ப்பதில்லை.

இரண்டாவது இடம், கணினி செய்த நிறுவனத்தின் உதவித் தளம். டெல் லேப்டாப்பின் அடியில் உள்ள ஏழு எழுத்துச் சர்வீஸ் டேக்கையோ, எச்பி, லெனோவோ, ஏசரில் உள்ள சீரியல் எண்ணையோ கொடுத்தால் அந்த ஒரு கணினிக்குரிய டிரைவர்கள் மட்டும் வரும். கடையில் கூட்டிய டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டின் பெயர் வேண்டும். ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்தால் ‘பேஸ்போர்டு’ வரிகளில் அது இருக்கும்.

மூன்றாவது இடம், சிப் செய்த நிறுவனத்தின் தளம்: இன்டெல், ஏஎம்டி, என்விடியா, ரியல்டெக்.

நான்காவது இடம், மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக். ஹார்ட்வேர் ஐடியின் அந்த இரண்டு துண்டுகளையும் அப்படியே ஒட்டித் தேடலாம். ஆதரவு நின்றுபோன பழைய கருவிகளுக்கு இது பல சமயம் கைகொடுக்கும்.

இந்த நான்குக்கு வெளியே போகாதீர்கள். ‘உங்கள் 23 டிரைவர்கள் பழசாகிவிட்டன’ என்று சிவப்பு எழுத்தில் மிரட்டும் ‘டிரைவர் அப்டேட்டர்’ மென்பொருள்களில் பல, காசு பிடுங்கவோ விளம்பரம் திணிக்கவோ வருபவை. நன்றாக ஓடும் டிரைவர் பழசானாலும் பரவாயில்லை, ஓடுவதைத் தொடாதீர்கள். கடையிலிருந்து கைமாறி வரும் ‘டிரைவர் பேக்’ பென்டிரைவ்களையும் தவிருங்கள்; அதோடு வேறு எது சேர்ந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

வைஃபை டிரைவரை எடுக்க நெட் வேண்டும், நெட்டுக்கு வைஃபை டிரைவர் வேண்டும் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டால் உங்கள் ஆண்ட்ராய்டு போன் போதும். போனைக் கேபிளால் கணினியோடு இணைத்து, போன் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதைப் போடுங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருப்பதால் கணினிக்கு உடனே நெட் கிடைத்துவிடும். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையே கணினிக்கும் கொடுக்கும். விண்டோஸ் 11 முதன்முதலாக எழும்போது நெட் இல்லாமல் மேலே போகமாட்டேன் என்று நிற்கும் திரையிலும் இதே வழி உதவும்.

கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் சில நூறு எம்பிக்குக் குறையாது. வட்டவடை போன்ற, சிக்னல் மெலிந்த இடங்களில் இருப்பவர்கள் வைஃபை, லேன் டிரைவர்களை மட்டும் வீட்டில் எடுத்துவிட்டு, பெரியவற்றை டவுனுக்குப் போகும்போது போனிலேயே டவுன்லோடு செய்து கொண்டுவரலாம். கோப்பு போனில் இறங்கினாலும் கணினிக்கு நகர்த்தினால் வேலை செய்யும்.

5. ஏற்றும் முறை

அ. முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடினாலே வரும். தவறினால் திரும்பிவர இதுவே கடைசி வழி.

ஆ. உங்கள் விண்டோஸ் 64 பிட்டா 32 பிட்டா என்று அமைப்புகளின் ‘அபவுட்’ பக்கத்தில் பாருங்கள். விண்டோஸ் 11 எப்போதும் 64 பிட்தான். 32 பிட் டிரைவர் அதில் ஏறாது.

இ. சிப்செட், அடுத்து லேன் அல்லது வைஃபை, பிறகு கிராபிக்ஸ், ஒலி, கடைசியாக மற்றவை என்ற வரிசையில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் ரீஸ்டார்ட். ஐந்தையும் ஒரே மூச்சில் ஏற்றினால் எதனால் கெட்டது என்று பிறகு தெரியாது.

ஈ. இரட்டைக் கிளிக்கில் ஏறும் கோப்பு என்றால் சிக்கல் இல்லை. ஜிப் கோப்பாக வந்தால் முதலில் விரித்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். டிவைஸ் மேனேஜரில் குறியுள்ள கருவியை வலது கிளிக் செய்து ‘அப்டேட் டிரைவர்’, பிறகு ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’ கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். பொருந்தும் கோப்பை விண்டோஸே எடுத்துக்கொள்ளும்.

உ. பயாஸ் அப்டேட்டை டிரைவரோடு சேர்த்துச் செய்யாதீர்கள். டிரைவர் ஏறும்போது கரண்ட் போனால் மறுபடி ஏற்றலாம். பயாஸ் ஏறும்போது போனால் கணினியே எழாமல் போகலாம். மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாத வீட்டில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

விண்டோஸைப் போடும்போதே ‘டிஸ்க் எதுவும் இல்லை’ என்று வருகிறதா? பதினோராம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிந்தையவையும் உள்ள லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு இருப்பதால் எஸ்எஸ்டி கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு. எஸ்எஸ்டி கெட்டுப்போனது என்று முடிவுகட்டாதீர்கள். இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை வேறு கணினியில் எடுத்து, விரித்து, பென்டிரைவில் வைத்து, அந்தத் திரையில் உள்ள ‘லோட் டிரைவர்’ பொத்தானால் காட்டினால் டிஸ்க் தெரியும்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால் பழைய கணினிகளில் கடைக்காரர்கள் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட்டின் கணக்கில் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்கப்படும். அதற்கு முந்தைய, அலுவலகங்களிலிருந்து கழிந்துவந்த கணினியில் வலிந்து ஏற்றியிருந்தால் சில கருவிகளுக்கு விண்டோஸ் 11 டிரைவரே இருக்காது. பல சமயம் விண்டோஸ் 10 டிரைவர் அதிலும் ஓடும், முயன்று பாருங்கள். ஓடாவிட்டால் அந்தக் கணினிக்கு லினக்ஸ் நல்ல வழி.

6. பிரிண்டர் தனிக்கதை

பிரிண்டரில் நடக்கும் முதல் தவறு அவசரம். பழைய பிரிண்டர்கள் பலவற்றுக்கு மென்பொருளை முதலில் ஏற்றி, அது கேட்கும்போதுதான் கேபிளைச் செருக வேண்டும். முன்பே செருகிவிட்டால் பெயரில்லாத ஒன்று பதிவாகிவிடும். கேபிளைப் பிடுங்கி, பிரிண்டர் பட்டியலிலிருந்தும் டிவைஸ் மேனேஜரிலிருந்தும் அதை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, துளை மாற்றம். வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் அதே பிரிண்டர் ‘காப்பி 1’ என்ற பெயரில் இரண்டாவதாக வந்து உட்காரும். நீங்கள் பழையதற்கு அனுப்புவீர்கள், அது ஆஃப்லைன் என்று சொல்லும். டிரைவரில் குறை ஒன்றுமில்லை. பழைய துளைக்கே மாற்றுங்கள் அல்லது புதிய பெயரை டிஃபால்ட் ஆக்குங்கள்.

மூன்றாவது, பிரிண்டர் மொழி. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் வீடுகளிலும் ஓடும் கேனான் எல்பிபி2900, எச்பி லேசர்ஜெட் 1020 இரண்டும் பக்கத்தைத் தாமே வரையத் தெரியாதவை. வரைந்து கொடுக்க வேண்டியது கணினியின் டிரைவர்தான். அதனால் பொதுவான டிரைவர் எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது. அந்தந்த மாடலுக்கானதே வேண்டும். லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தன் உள்மென்பொருளைக் கணினியிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. எனவே கணினி எழுந்து, கேபிளும் செருகியிருக்கும் நிலையில் பிரிண்டரைப் போடுவது நல்ல பழக்கம்.

பிரிண்டர் நிறுவனங்களின் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தது. உங்கள் பிரிண்டர் பழைய மாடல் என்றால் அதன் டிரைவரை நிறுவனத் தளத்திலிருந்து இன்றே எடுத்து ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைரேகைக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆதாரோடு இணைந்த வேலைகளுக்குக் கருவியின் டிரைவர் மட்டும் போதாது. ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருளும் ஓட வேண்டும், கருவியும் அதில் பதிவாகியிருக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் எல்லாம் சரியாக இருந்தும் விரலை ஏற்கவில்லை என்றால் ஆர்டி சர்வீஸைப் பாருங்கள்.

7. பள்ளியின் லினக்ஸ் வீட்டுக்கு வரும்போது

கேரளப் பள்ளிகளில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2017இல் ‘கைட்’ நிறுவனமாயிற்று. தமிழ் வழிப் பள்ளிகள் உட்பட எல்லா அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகள் பழகுவது கைட் தரும் லினக்ஸில்தான். அதன் அண்மைப் பதிப்பு உபுண்டு 22.04ஐ அடிப்படையாகக் கொண்டது. பிள்ளைக்காக வீட்டிலும் அதைப் போடுபவர்கள் உண்டு.

லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் ஒலி, லேன், கிராபிக்ஸ் முதலியவை தாமே வேலை செய்யும். முரண்டு பிடிப்பவை முக்கியமாக மூன்று.

பிராட்காம் வைஃபையும் என்விடியா கிராபிக்ஸும்: போன் டெதரிங்கில் நெட் கொடுத்துவிட்டு, ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ திறந்து ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பகுதியில் காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொன்னால் அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை வந்து அதையே கேட்கும். அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால், கையொப்பத்தைச் சோதிக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அந்த டிரைவரை உள்ளே விடாது. ‘ஏற்றினேன், ஆனால் வேலை செய்யவில்லை’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இந்த நீலத் திரைதான்.

எச்பி பிரிண்டர்: எச்பிஎல்ஐபி என்ற மென்பொருள் உபுண்டுவில் உண்டு. லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு அதோடு ‘பிளக்-இன்’ என்ற கூடுதல் கோப்பும் வேண்டும். நெட்டை வைத்துக்கொண்டு எச்பி செட்டப்பை ஓட்டினால் அதுவே கேட்டு இறக்கிக்கொள்ளும். எச்பிஎல்ஐபியின் பதிப்பு மாறினால் பிளக்-இன்னையும் மறுபடி இறக்க வேண்டும்.

ஆர்டுயினோ: 2025-26 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்பு ஐசிடி பாடத்தில் ரோபாட்டிக்ஸ் எல்லாருக்கும் வந்துவிட்டது. வீட்டில் செய்து பழக விலை குறைந்த ஆர்டுயினோ போர்டு வாங்கினால் அதில் பெரும்பாலும் சிஎச்340 என்ற சிப் இருக்கும். யுஎஸ்பி எண் 1ஏ86. விண்டோஸில் கோட் 28 வந்தால் விண்டோஸ் அப்டேட்டையோ சிப் செய்த டபிள்யூசிஎச் நிறுவனத் தளத்தையோ பாருங்கள். உபுண்டு 22.04இல் தகராறு வேறு மாதிரி: போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிக் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், இந்தச் சிப்பைத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்வதே காரணம். வீட்டில் பிரெய்ல் கருவி பயன்படுத்துபவர் இல்லையென்றால் அந்த மென்பொருளை நீக்கிவிடலாம். பிறகு போர்ட் நிலையாக நிற்கும். அனுமதி மறுப்பு என்று வந்தால் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, லாக்-அவுட் செய்து வாருங்கள்.

8. ஏற்றியதும் நிலைமை மோசமானால்

திரை கறுத்துவிட்டதா, அடிக்கடி நீலத் திரை வருகிறதா? கணினியைச் சேஃப் மோடில் எழுப்புங்கள்: ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்த வழி திறக்கும். டிவைஸ் மேனேஜரில் கடைசியாக ஏற்றிய கருவியைத் திறந்து, ‘டிரைவர்’ பகுதியில் ‘ரோல் பேக்’ கொடுங்கள். அது மங்கலாக இருந்தால் ‘அன்இன்ஸ்டால்’ கொடுத்து, டிரைவரையும் நீக்கவா என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். டிக் போடாவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே டிரைவர் திரும்ப வந்து உட்காரும். இரண்டும் பலிக்காவிட்டால் ரீஸ்டோர் பாயின்ட்டுக்குப் போங்கள்.

9. அடுத்த பார்மட்டுக்கு முன்னால்

எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெபாசிட்டரி என்ற ஃபோல்டர் இருக்கிறது. உங்கள் கணினியில் ஏறிய டிரைவர்கள் எல்லாம் அங்கே இருக்கும். அந்த ஃபோல்டரை முழுதாக ஒரு பென்டிரைவில் காப்பி செய்து வையுங்கள். அடுத்த முறை பார்மட் அடித்தபின் நெட் இல்லாவிட்டாலும் ஐந்தாம் பகுதியில் சொன்னபடி இந்த ஃபோல்டரைக் காட்டினால் விண்டோஸ் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளும். பழைய கணினி வாங்குபவர்கள் வாங்கிய அன்றே இதைச் செய்துவிட வேண்டும்.

10. கடைக்குப் போகவேண்டிய நேரம்

புறப்படுமுன் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து, கடைக்காரருக்கு வாட்ஸாப்பில் அனுப்புங்கள்:

1. கணினியின் மாடல், அல்லது மதர்போர்டின் பெயர்
2. விண்டோஸ் பதிப்பு, 64 பிட்டா 32 பிட்டா
3. டிவைஸ் மேனேஜர் காட்டும் கோட் எண்
4. ஹார்ட்வேர் ஐடி
5. குறை தொடங்குமுன் கடைசியாக நடந்தது: அப்டேட், இடி, பார்மட், புதுக் கருவி

நேர்மையான கடைக்காரர் என்றால் பல சமயம் டவுன்லோடு லிங்க் ஒன்றையே பதிலாக அனுப்பிவிடுவார். மூன்று நிலையில் மட்டும் நேரில் போங்கள்: சரியான டிரைவருக்குப் பிறகும் கோட் 43 அல்லது 10 நின்றால், இடிக்குப் பிறகு கருவி பட்டியலிலேயே இல்லாவிட்டால், வேறு கணினியிலும் அதே கருவி ஓடாவிட்டால். அப்போதும் டெஸ்க்டாப் என்றால் சிபியூ மட்டும் போதும், மானிட்டரைச் சுமக்க வேண்டாம். குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் பாடக்கோப்புகளையும் தனியே எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். “பார்மட் பண்ணிடலாமா?” என்று கேட்டால், கோட் எண் என்ன என்று அவரிடமே கேளுங்கள். எண்ணைப் பார்க்காமல் பார்மட் சொல்லும் கடையில் கணினியை விட்டுவராதீர்கள்.